மஞ்சளின் நிறம் ஒரு குப்பியில், வாசனை இன்னொன்றில்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாலை நேரங்களில் படிவம் 4, 5 பிள்ளைகள் சிலருக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பையனின் நோட்டில் மூன்று வரி கண்ணில் பட்டது. தண்ணீர் முனைவுள்ளது. கரிமக் கரைப்பான்கள் முனைவற்றவை. தண்ணீரில் கரையாதது எல்லாம் கரிமக் கரைப்பானில் கரையும். முதல் வரி சரி (மூலக்கூறுக்கு இரண்டு மின்முனை இருப்பதுதான் முனைவு, பின்னால் விளக்குகிறேன்). இரண்டாவது தவறு. மூன்றாவது, அந்தத் தவறின் மேல் கட்டிய வீடு.

இது அவன் ஒருவனின் குழப்பம் இல்லை. ஒத்தது ஒத்ததில் கரையும் என்று எல்லாப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடக்கத்துக்கு அது நல்ல விதிதான். ஆனால் எது எதோடு ஒத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'கரிம' என்ற சொல் அதில் கார்பன் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பெட்ரோல் கரிமம். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் கரிமம். நகப்பூச்சு துடைக்கிற அசிட்டோனும் கரிமம். இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டால், துணியில் பட்ட கறையைக்கூட எடுக்க முடியாது.

"மஞ்சள் தண்ணில கரையாது டீச்சர். அப்போ லைட்டர் எண்ணெய்ல கரையணும்ல?" என்று அவன் கேட்டான். "ஊத்திப் பாருப்பா" என்றேன்.

லிட்டில் இந்தியாவில் வாங்கிய மஞ்சள்தூள் வீட்டில் இருந்தது. மூடியுள்ள மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அரை அரைத் தேக்கரண்டி போட்டோம். ஒன்றில் தண்ணீர். ஒன்றில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெய். ஹெக்சேன் போன்ற லேசான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. மூன்றாவதில் ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட்டோம். தண்ணீர்க் குப்பி கலங்கல் மஞ்சளாக இருந்தது. தூள் அடியில் படியப் படிய மேல் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. ஐபிஏ குப்பி சாமந்திப்பூ மாதிரி பளீரென்று மஞ்சள், அந்தப் பக்கம் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிவு. லைட்டர் எண்ணெயைத்தான் பையன் விளக்குக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தான். உற்றுப் பார்த்தால் லேசான வெளிர் மஞ்சள் தெரிகிறதோ என்னவோ, அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. லைட்டர் எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தோம். அது ஆவியாகிப் போனபின் காகிதத்தில் நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை. முகர்ந்து பார்த்தால் பச்சை மஞ்சள் அரைத்த அம்மியின் வாசனை. அதாவது அந்தக் குப்பி மஞ்சளைத் தொடாமல் விடவில்லை. வாசனையை எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிட்டது.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருள். 1815ல் ஃபோகெலும் பெல்லெத்தியேயும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு தெரிய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மஞ்சளின் வாசனைக்கு முக்கியக் காரணம் டர்மெரோன் என்ற எண்ணெய்ப் பொருள்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். டர்மெரோன் வகையில் ஒன்றில் 15 கார்பன், 20 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன். குர்குமினில் 21 கார்பன், அதே 20 ஹைட்ரஜன், ஆனால் 6 ஆக்சிஜன். ஒரே கிழங்கு, ஒரே தூள். ஆக்சிஜன் எத்தனை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எந்தக் குப்பிக்கு எது போகும் என்று தீர்மானிக்கிறது.

ஆக்சிஜன் என்ன செய்கிறது? மலாயில் இதை 'கெகுதூபான்' என்று படிக்கிறார்கள். 'குதூப்' என்றால் துருவம், தமிழில் முனை. ஒரு மூலக்கூறுக்குக் காந்தம் போல இரண்டு முனை வருவதுதான் முனைவுத்தன்மை. இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும்போது எது அதிகமாகத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு 1932ல் லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் கொடுத்தார். அதில் ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் பெட்ரோல், மெழுகு, எண்ணெய்களின் நீண்ட வால் இவற்றிலெல்லாம் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். ஆக்சிஜன் வந்து சேர்ந்தால் கதை மாறுகிறது. எலெக்ட்ரான்கள் அதன் பக்கம் ஒதுங்க, அங்கே கொஞ்சம் எதிர் மின்னூட்டம், மறுபக்கம் கொஞ்சம் நேர் மின்னூட்டம் தேங்கும்.

இழுப்பு இருந்தாலே முனை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு குளோரின்கள் கார்பனை நான்கு பக்கமும் ஒரே பலத்தோடு இழுக்கின்றன. நான்கு அணிகள் சம பலத்தில் கயிறு இழுத்தால் நடுவில் கட்டிய துணி நகராது அல்லவா, அப்படி. அதன் மொத்த முனைவு பூஜ்யம். நான்கில் ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் குளோரோஃபார்ம். சமநிலை கெட்டு, 1.04 டிபை அளவுக்கு முனைவு வந்துவிடுகிறது. இந்த அலகுக்குப் பெயர் கொடுத்த பீட்டர் டிபை, இருமுனைத் திருப்புத்திறன், அதாவது முனைவின் அளவு, பற்றிய ஆய்வுகளுக்காகவும் சேர்த்து 1936ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, முனை இருந்தால் ஏன் கரைய வேண்டும்? இங்கேதான் நான் பிள்ளைகளிடம் விதியை மூடி வைத்துவிட்டு வரவு செலவுக் கணக்கைத் திறக்கச் சொல்கிறேன். ஒரு பொருள் கரைய மூன்று வேலை நடக்க வேண்டும். கரைகிற பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய வேண்டும், அது செலவு. கரைப்பானின் மூலக்கூறுகள் விலகி இடம் கொடுக்க வேண்டும், அதுவும் செலவு. பிறகு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அது வரவு. இதற்கு மேல், கலந்து சிதறிக் கிடப்பதற்கே இயற்கை கொடுக்கும் ஓர் ஊக்கம் உண்டு. வரவு கொஞ்சம் குறைந்தாலும் அந்த ஊக்கம் துண்டு விழுந்ததை ஈடுகட்டிவிடும்.

சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மோல் (சுமார் 58 கிராம்) உப்பின் படிகத்தை மின்னூட்டம் உள்ள தனித்தனி அயனிகளாகப் பிரிக்க சுமார் 787 கிலோஜூல் வேண்டும். பயங்கரமான செலவு. தண்ணீர் மூலக்கூறுகள் அந்த அயனிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதில் கிடைக்கும் நிகர வரவு சுமார் 783. தண்ணீர் தனக்குள் விலகி இடம் கொடுக்கும் செலவையும் கழித்துப் பார்த்த கணக்கு இது. 4 கிலோஜூல் குறைகிறது. அதைச் சிதறலின் ஊக்கம் கட்டிவிடுகிறது. அதே உப்பை ஹெக்சேனில் போட்டால் செலவு அதே 787. வரவு என்று சொல்ல அங்கே முனையே இல்லை. உப்பு குப்பியின் அடியில் மணல் மாதிரி கிடக்கும்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்று சொல்லும் வழக்கத்தையும் இந்தக் கணக்கு திருத்துகிறது. எண்ணெய் மூலக்கூறுக்குத் தண்ணீர் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. இரண்டுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்புகூட உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளால், அதாவது ஒன்றின் ஹைட்ரஜனும் இன்னொன்றின் ஆக்சிஜனும் ஈர்த்துக்கொள்வதால், கைகோத்து நிற்கின்றன. நடுவில் எண்ணெய் வந்தால், அதைச் சுற்றியுள்ள தண்ணீர் அந்தப் பிணைப்புகளை விடாமல் இருக்கத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு தண்ணீருக்கு நஷ்டம். அதனால்தான் எண்ணெய் ஒதுக்கப்படுகிறது. பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவச் சொல்லும் நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, விடை மட்டும் தெரியும். பலாப் பாலில் இருப்பது ரப்பர் போன்ற நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளும் பிசின்களும். குழாயைத் திறந்து எவ்வளவு நேரம் கழுவினாலும் தண்ணீர் அதைத் தொடாது. எண்ணெய் தொட்டவுடன் விட்டுவிடும்.

கரிமக் கரைப்பான்களை ஒரு ஏணி மாதிரி நிறுத்திப் பார்க்கலாம். நேர், எதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலான இழுப்பை ஒரு திரவம் எத்தனை மடங்கு பலவீனப்படுத்துகிறது என்பதற்கு மின்காப்பு மாறிலி என்று ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு அது சுமார் 78. கரிமக் கரைப்பான்களில் அடிப்படியில் ஹெக்சேன், 1.9. டொலுவீன் 2.4, டைஎத்தில் ஈதர் 4.3, குளோரோஃபார்ம் 4.8, எத்தில் அசிட்டேட் 6, டைகுளோரோமீத்தேன் 9, அசிட்டோன் 21, எத்தனால் 24 முதல் 25, மெத்தனால் 33. ஹெக்சேனுக்கும் மெத்தனாலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டும் கரிமக் கரைப்பான்தான். அந்தப் பையனின் இரண்டாவது வரி இந்த ஏணி முழுவதையும் அடிப்படிக்குள் அடைத்துவிட்டது.

ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பியும் போகக்கூடாது. அசிட்டோனின் இருமுனைத் திருப்புத்திறன் 2.9 டிபை, தண்ணீருக்கு 1.85. அந்தக் கணக்கில் அசிட்டோன்தான் அதிக முனைவுள்ளது. அப்படியிருந்தும் உப்பு அசிட்டோனில் கரைவதில்லை, சர்க்கரையும் கரைவதில்லை. அசிட்டோனிடம் ஹைட்ரஜன் பிணைப்பை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இருக்கிறது. கொடுப்பதற்கு ஆக்சிஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் இல்லை. தண்ணீர் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். உருவமும் சின்னது, இண்டு இடுக்கில் நுழைந்து அயனியை நெருக்கமாகச் சூழும். வேதியியலாளர்களும் இதைப் படிப்படியாகத்தான் பிடித்தார்கள். 1936ல் ஜோயல் ஹில்டெப்ராண்ட் ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரே ஓர் எண் கொடுத்தார். 1967ல் சார்ல்ஸ் ஹான்சன் அதை மூன்றாகப் பிரித்தார்: எல்லா மூலக்கூறுகளுக்கும் உள்ள பொதுவான மெல்லிய ஈர்ப்புக்கு ஒன்று, முனைவுக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று. மூன்று எண்களும் நெருங்கி இருந்தால்தான் ஒத்தது என்று சொல்லலாம். பெயிண்ட், பிசின், பிளாஸ்டிக் தொழில்களில் இன்றும் இந்த மூன்று எண்களை வைத்துத்தான் கரைப்பானைத் தேடுகிறார்கள்.

ஒரே மூலக்கூறுக்குள்ளேயே இரண்டு குணம் இருந்தால்? ஆல்கஹால்களை வரிசையாகப் பார்த்தால் அது அழகாகத் தெரியும். தலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், பின்னால் கார்பன் வால். வாலில் மூன்று கார்பன் வரை இருந்தால் எந்த அளவிலும் தண்ணீரோடு கலந்துவிடும். நான்கு கார்பன் உள்ள பியூட்டனாலில் லிட்டருக்கு 70, 80 கிராம்தான் கரையும். ஐந்துக்கு சுமார் 22, ஆறுக்கு சுமார் 6. எட்டு கார்பனுக்கு அரை கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. தலை அதேதான். வால் ஒவ்வொரு கார்பன் நீளும்போதும் தண்ணீர் கொடுக்க வேண்டிய விலை ஏறிக்கொண்டே போகிறது. அதனால் ஒரு மூலக்கூறு முனைவுள்ளதா, இல்லையா என்று ஒரே சொல்லில் கேட்காமல், எந்தப் பகுதி, எவ்வளவு என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

எத்தனாலும் ஐபிஏவும் இவ்வளவு பயன்படுவது இதனால்தான். ஒரு கையால் தண்ணீரைப் பிடிக்கும், மறு கையால் எண்ணெய்த்தன்மை உள்ளவற்றையும் தொடும். மல்லிகை வாசனையைப் பிடிக்கும் முறையில் ஏணியின் அடியில் உள்ள ஹெக்சேனும் மேலே உள்ள எத்தனாலும் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். மல்லிகை நீராவியைத் தாங்காது, வெந்த வாசனை வந்துவிடும். அதனால் பூவை ஹெக்சேனில் ஊறவைப்பார்கள். ஹெக்சேன் வாசனைப் பொருள்களை எடுத்துக்கொள்ளும். கூடவே இதழின் மேல் பூசியிருக்கும் மெழுகையும் வாரிக்கொண்டு வரும், அது தன் இனம் என்பதால். ஹெக்சேனை ஆவியாக்கிவிட்டால் மெழுகும் வாசனையும் சேர்ந்த கெட்டிக் கட்டி மிஞ்சும். தொழிலில் அதைக் கான்கிரீட் என்பார்கள்.

மெழுகு கலந்த அந்தக் கட்டியை அப்படியே வாசனையாகப் பூசிக்கொள்ள முடியுமா? அடுத்து அதை எத்தனாலில் போட்டு மெல்லச் சூடாக்கிக் கலக்குவார்கள். பிறகு உறைநிலைக்குக் கீழே குளிரவைப்பார்கள். மெழுகின் நீளமான வால்களுக்குக் குளிர்ந்த எத்தனாலில் இடமில்லை. வெள்ளையாகத் திரண்டு விழும். பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் போன்ற வாசனை மூலக்கூறுகள் சின்னவை, ஆக்சிஜனோ நைட்ரஜனோ உள்ளவை. அவை எத்தனாலிலேயே தங்கும். வடிகட்டி, எத்தனாலைக் குறைந்த அழுத்தத்தில் எடுத்துவிட்டால் கிடைப்பது அப்சல்யூட் என்ற மெழுகில்லாத வாசனைச் சாறு. முதல் கரைப்பானைப் பூவிலிருந்து பிடுங்கத் தேர்ந்தெடுத்தார்கள், இரண்டாவதை மெழுகை விடவைக்கத் தேர்ந்தெடுத்தார்கள். கரைப்பது போலவே கரைக்க மறுப்பதும் ஒரு கரைப்பானின் திறமை. கரைதிறன் பாடத்தில் பிள்ளைகள் மனதில் நிற்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1970களிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேலை கொடுத்திருக்கிறது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் ஐபிஏ என்ற சொல்லை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். சர்க்கியூட் போர்டில் ஈயம் பற்றவைத்த பிறகு ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை (பற்றவைப்புக்கு உதவும் பசை) துடைக்க அதைப் பயன்படுத்துவார்கள். ஃப்ளக்ஸில் பெரும்பகுதி பைன் மரப் பிசின். 20 கார்பன் உள்ள அபியட்டிக் அமிலம் அதில் முக்கியமானது. தண்ணீரில் கரையாது, ஐபிஏவில் நன்றாகக் கரையும். ஆனால் ஃப்ளக்ஸில் உலோகத்தின் துருவை நீக்க உப்பு வகைப் பொருள்களும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். வெறும் ஐபிஏ போட்டுத் துடைத்த போர்டு காய்ந்ததும் சில நேரம் வெள்ளைப் பூச்சு தெரிவதற்கு இது ஒரு காரணம். பிசின் போய்விட்டது, உப்பு தங்கிவிட்டது. போர்டில் அயனிக் கழிவு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சோதிக்கும் வழக்கமான முறையில் 75 பங்கு ஐபிஏவும் 25 பங்கு அயனி நீக்கிய தண்ணீரும் கலந்த திரவத்தைத்தான் எடுக்கிறார்கள். பிசினை இளக்க ஐபிஏ, உள்ளே சிக்கிய உப்பை வெளியே இழுக்கத் தண்ணீர். அந்த விகிதத்தில் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

மறுபடி மஞ்சளுக்கு வருவோம். வெள்ளைச் சட்டையில் வாழை இலைச் சாப்பாட்டுக் குழம்பு சிந்தி, சோப்புப் போட்டதும் கறை திடீரென்று சிவந்துபோவதைப் பார்க்காத வீடு இருக்காது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதும் இதே வேதியியல். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் (அமிலத்துக்கு எதிரானது) பட்டதும் குர்குமின் தன் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து மின்னூட்டம் பெற்ற அயனியாகிறது. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே நேரம் தண்ணீரில் கரையும் தன்மையும் கூடிவிடுகிறது. பொருள் அதேதான், ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் போனது. ஆனால் ஏணியில் அதற்குப் பொருத்தமான படி மேலே ஏறிவிட்டது.

இந்த ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டு மருந்து, மூலிகை ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பொருள்களைப் பிரிக்கிறார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்கும் சோதனை அதற்கு நல்ல உதாரணம். 1819ல் ருங்கே என்ற ஜெர்மானியர் காஃபீனை முதலில் பிரித்தது காப்பிக்கொட்டையிலிருந்து. மாணவர்களுக்குத் தேயிலை சுலபம். நான் படித்த காலத்தில் செய்தது இன்னும் கைகளில் நினைவிருக்கிறது. தேயிலையைக் கொதிக்கவைக்கும்போது சோடியம் கார்பனேட் சேர்ப்போம். தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் அந்தக் காரத்தில் அயனிகளாக மாறித் தண்ணீரோடு கட்டுண்டுவிடும். காஃபீனுக்கு விட்டுக்கொடுக்க அப்படிப்பட்ட ஹைட்ரஜன் கிடையாது. அது மாறாமல் இருக்கும். டிக்காஷனை நன்றாக ஆறவைக்க வேண்டும். கொதிநீரில் 100 மில்லிலிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் கரையும் காஃபீன், 25 டிகிரி செல்சியஸில் சுமார் 2 கிராம்தான் கரையும். தண்ணீரின் பிடி தளர்ந்த நேரத்தில் டைகுளோரோமீத்தேனை ஊற்றினால் காஃபீன் அதற்குள் போய்விடும்.

டைகுளோரோமீத்தேன் தண்ணீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.33. அதனால் பிரிபுனலில் கீழே தங்கும். மேலே கறுப்புத் தேநீர், கீழே தெளிந்த திரவம். பார்க்க அவ்வளவு அழகு. அவசரப்பட்டு வேகமாகக் குலுக்கினால் இரண்டும் சேர்ந்து தயிர் கடைந்த மாதிரி நுரைத்துக்கொள்ளும், அப்புறம் அரை மணி நேரம் ஆனாலும் பிரியாது. தொட்டில் ஆட்டுவது போல மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து எடுக்க வேண்டும். கீழே உள்ளதைத் திறந்து வடித்து, 40 டிகிரிக்குள் அது ஆவியானதும், குடுவையின் சுவரில் வெள்ளையாக, கொஞ்சம் பச்சை ஓடிய பொடி ஒட்டியிருக்கும். ஒரு பிடித் தேயிலைக்கு ஒரு சிட்டிகை காஃபீன்.

ஒத்தது ஒத்ததில் கரையும் என்ற விதி சில இடங்களில் காலை வாரிவிடும். அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். பருத்தி வேட்டியைப் பாருங்கள். அது செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. குளுக்கோஸ் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 90 கிராம் கரையும். சங்கிலி முழுக்கத் தண்ணீருக்குப் பிடித்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள்தான், ஆனாலும் வேட்டி கரைவதில்லை. சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலியை இடம் விடாமல் பிடித்துப் படிகமாக அடுக்கியிருக்கின்றன; அத்தனை பிடியையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கத் தண்ணீரால் முடியாது. பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். பாலித்தீன் நீளமான ஹைட்ரோகார்பன், பெட்ரோலின் நெருங்கிய சொந்தம். ஆனால் சாதாரண வெப்பத்தில் பெட்ரோல் அதைக் கரைக்காது. கொதிக்கும் அளவுக்குச் சூடான சைலீன் வேண்டும். தெர்மோகோல் பெட்டியின் பாலிஸ்டைரின் படிகமாக அடுக்கியிருப்பதில்லை, பெட்ரோல் பட்டதும் குழைந்துவிடும். குர்குமினும் இந்த வழியில் கொஞ்சம் பிடிவாதமானது. 183 டிகிரியில்தான் உருகும். அவ்வளவு இறுக்கமான படிகத்தை உடைக்கத் தகுந்த வரவை ஹெக்சேனால் கொடுக்க முடியாது.

இன்னொரு விந்தை: தனித்தனியே தோற்கிற இரண்டு கரைப்பான்கள் சேர்ந்து ஜெயிப்பது. 1851ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரத் தகடு நிழற்பட முறையில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் பூசுவார்கள். நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து அதைச் செய்கிறார்கள். அதற்கு எடுக்கும் வகை, தனி ஈதரிலோ தனி ஆல்கஹாலிலோ சரியாகக் கரையாது. இரண்டும் கலந்தால் கரைந்துவிடும். ஹான்சனின் மூன்று எண்களை வைத்துப் பார்த்தால், நமக்கு வேண்டிய இடம் இரண்டு கரைப்பான்களுக்கும் நடுவில் இருக்கிறது. கலவை அங்கே போய் நிற்கிறது.

எங்கள் மேசை மேலிருந்த லைட்டர் எண்ணெய்க் குப்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பையன் அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றப் போனான், தடுத்துவிட்டேன். தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதந்து, குழாய் வழியே ஆவி பரவி, எங்கேயோ ஒரு நெருப்புப் பொறியைத் தேடிக்கொண்டிருக்கும். ஹெக்சேனை மாதக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போகும் நரம்பு நோய் வருவதற்கும் காரணம் முனைவுத்தன்மைதான். முனைவற்ற பொருள் உடலின் கொழுப்பில் தங்கிவிடும், சிறுநீரோடு போகாது. அதனால் ஈரல் அதில் ஆக்சிஜனைச் சேர்த்துத் தண்ணீரில் கரையும்படி மாற்றப் பார்க்கும். எத்தனையோ பொருள்களுக்கு இந்த ஏற்பாடு நன்மைதான். ஹெக்சேனிடம் அது பலிக்கவில்லை: இரண்டு ஆக்சிஜன் ஏறி 2,5-ஹெக்சேன்டையோன் ஆனதும், அதுவே நரம்பின் புரதங்களைப் பிடித்துக் கெடுக்கிறது. குப்பியை இறுக மூடி, பெயர் எழுதி ஒட்டி, அடுப்புக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே சொட்டைக் காகிதத்தில் வைத்து முகரக் கொடுக்கலாம், ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு.